இரத்தத்தில் புழுவின் டிஎன்ஏ: பிசிஆர் சோதனையைப் பிழையில்லாமல் செய்வது எப்படி

யானைக்கால் நோய்ப் புழுவைத் தேடி, பகல் 11 மணிக்கு எடுத்த இரத்தத்தில் பிசிஆர் (டிஎன்ஏ துண்டைப் பலமடங்காகப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) செய்தால், எந்திரமும் ரசாயனமும் ஒழுங்காக வேலை செய்திருந்தும் விடை தவறிப்போகலாம். அந்தப் புழுவான வுச்சரேரியா பாங்க்ராஃப்டியின் நுண்புழுக்கள் (இளநிலைப் புழுக்கள்) பெரும்பாலான பகுதிகளில் பகல் முழுக்க நுரையீரலின் நுண்குழாய்களில் பதுங்கிக் கிடக்கும். இரவு 10 மணி முதல் 2 மணி வரைதான் வெளி இரத்த ஓட்டத்துக்குக் கூட்டமாக வரும். பகலில் கையில் குத்தி எடுத்த இரத்தத்தில் அவை இருக்கும் என்று நம்ப முடியாது. குழாய்க்குள் வராத புழுவை எந்தப் பிசிஆரும் கண்டுபிடிக்காது.

இரத்தத்திலிருந்து புழுத் தொற்றைக் கண்டறியும் மூலக்கூறுச் சோதனைகளில் தவறுகள் பெரும்பாலும் எந்திரத்துக்கு வெளியேதான் நடக்கின்றன. எந்தப் புழு, இரத்தத்தின் எந்தப் பகுதி, எந்த நேரம், எவ்வளவு அளவு என்ற நான்கையும் முடிவு செய்த பிறகுதான் பிரைமரைப் (பெருக்க வேண்டிய டிஎன்ஏவின் முனைகளில் ஒட்டும் சிறு துண்டு) பற்றி யோசிக்க வேண்டும்.

புழு இரத்தத்தில் என்னவாக இருக்கிறது?

புழுக்களை இந்த வேலைக்காக மூன்று கூட்டமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் கூட்டத்தில், புழுவின் இளநிலை முழு உடலோடு இரத்தத்தில் நீந்துகிறது. வுச்சரேரியா, புரூகியா மலாயி, லோவா லோவா, சில மான்சொனெல்லா இனங்கள் இந்த வகை. இவற்றின் நுண்புழு கால் மில்லிமீட்டர் நீளம் இருக்கும். சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் செல்களோடு சேர்ந்து கீழே போய்விடும். அதனால் இவற்றுக்கு முழு இரத்தம்தான் வேண்டும். பிளாஸ்மாவைப் பிரித்தெடுத்துவிட்டு அடியில் இருப்பதைக் கொட்டினால், தேடுகிற பொருளையே கொட்டியதாகும்.

இரண்டாவது கூட்டத்தில் புழு இரத்தக் குழாய்க்குள்ளோ திசுவிலோ உட்கார்ந்திருக்கிறது. அதன் செல்கள் உடைந்து சிதறும் டிஎன்ஏ துண்டுகள் மட்டும் பிளாஸ்மாவில் மிதக்கின்றன. சிஸ்டோசோமா என்ற தட்டைப்புழு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வளர்ந்த புழுக்கள் சிரைகளிலேயே குடியிருக்கின்றன. முட்டைகள் கல்லீரலிலும் குடல் சுவரிலும் சிறுநீர்ப்பையிலும் சிக்கிச் சிதைகின்றன. இங்கே நிலைமை தலைகீழ்: தேவை பிளாஸ்மா அல்லது சீரம்; செல்கள் தொல்லை.

மூன்றாவது கூட்டத்துக்கு இரத்தப் பிசிஆரை நாடாமலிருப்பதே நல்லது. உருண்டைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழு எல்லாம் குடலில் வாழ்பவை. மலத்தில் செய்யும் பிசிஆர் அல்லது முட்டை எண்ணிக்கைதான் அவற்றுக்குச் சரி. ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற குடற்புழுவுக்குச் சீரத்தில் பிசிஆர் செய்யலாம், ஆனால் தவறவிடுவது அதிகம். ஸ்டீராய்டு தொடங்கப்போகும் நோயாளிக்கு இரத்தப் பிசிஆர் நெகட்டிவ் என்பதை நம்பி எதிர்ப்பொருள் சோதனையையும் மலச் சோதனையையும் விட்டுவிடக் கூடாது. தொற்று உடல் முழுக்கப் பரவினால் உயிரே போகும். எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழுவின் நீர்க்கட்டி உடையாமல் இருந்தால் வெளியே கசியும் டிஎன்ஏ மிகக் குறைவு. அங்கே ஸ்கேனும் எதிர்ப்பொருள் சோதனையும்தான் முதலில். மூளையில் பன்றி நாடாப்புழுவின் கட்டிகள் இருந்தால் இரத்தத்தைவிடத் தண்டுவட நீரில் தேடுவது மேல்.

எவ்வளவு இரத்தம்?

இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்க்காமல் யாரும் இரத்தம் எடுக்கக் கூடாது. ஒரு மில்லிலிட்டரில் 5 நுண்புழு இருக்கும் ஒருவரிடமிருந்து 200 மைக்ரோலிட்டர் எடுத்தால், அதில் சராசரியாக 1 புழு இருக்கும். சராசரி 1 என்பதால் எப்போதும் ஒன்று வந்துவிடும் என்று ஆகாது. குறைந்தது ஒரு புழுவாவது குழாய்க்குள் வருவதற்கான வாய்ப்பு 63% மட்டுமே. அதே ஆளிடம் 1 மி.லி. எடுத்தால் 99%க்கு மேல். மில்லிலிட்டருக்கு 1 புழு என்று குறைந்துவிட்டால் 200 மைக்ரோலிட்டரில் வாய்ப்பு 18%, 1 மி.லி.யில் 63%. விரல் குத்தி எடுக்கும் 60 மைக்ரோலிட்டரில், மில்லிலிட்டருக்கு 10 புழு இருந்தாலும், 45% தான்.

ஊர் முழுக்க எல்லோருக்கும் மருந்து கொடுக்கும் கூட்டு மருந்து வழங்கல் பல சுற்று முடிந்த இடங்களில் புழு எண்ணிக்கை இப்படித்தான் தாழ்ந்து கிடக்கும். அங்கே பிரைமரை மாற்றுவதைவிட இரத்தத்தின் அளவைக் கூட்டுவது பலன் தரும்.

நேரத்தையும் புழுவுக்கேற்ப மாற்ற வேண்டும். லோவா லோவா பகலில் வரும்; காலை 10 முதல் பிற்பகல் 2 வரை எடுங்கள். பசிபிக் தீவுகளின் வுச்சரேரியாவில் பகலிலும் நுண்புழு ஓடும் வகை உண்டு. நோயாளி நீண்ட தூரம் பயணம் செய்து வந்திருந்தால் அவருடைய உடல் கடிகாரம் இன்னும் பழைய ஊரின் நேரத்திலேயே இருக்கலாம், அதையும் கேளுங்கள். டைஎத்தில்கார்பமசின் கொடுத்துப் பகலிலேயே புழுவை வெளியே வரவைக்கும் பழைய முறை ஒன்று உண்டு. லோவாவோ, ஆங்கோசெர்கா என்ற இன்னொரு நூற்புழுவோ இருக்க வாய்ப்புள்ளவரிடம் அதைச் செய்யவே கூடாது. கடுமையான எதிர்வினை வரும்.

சிஸ்டோசோமாவுக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் பிளாஸ்மா குறைந்தது 2 மி.லி., முடிந்தால் 4 மி.லி. வேண்டும். அதாவது 10 மி.லி. இரத்தம்.

குழாயும் சுழற்றலும்

இரத்தம் உறையாமல் காக்கும் ஈடிடிஏ குழாயையே பயன்படுத்துங்கள். ஹெப்பாரின் குழாயில் வந்த மாதிரியைத் திருப்பி அனுப்புவதுதான் நியாயம். ஹெப்பாரின் டிஎன்ஏவோடு ஒட்டிக்கொண்டே வந்து, டிஎன்ஏவைப் பெருக்கும் பாலிமரேஸ் என்சைமை முடக்கும். சாதாரணப் பிரித்தெடுப்பில் முழுதாகக் கழன்று போகாது. இரத்தம் விட்டதும் குழாயை மெதுவாக 8–10 முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்க வேண்டாம். சிவப்பணு உடைந்தால் வெளிவரும் ஹீம் (இரும்புள்ள சிவப்பு நிறப்பொருள்), பிசிஆரின் இன்னொரு எதிரி.

நுண்புழுவுக்கான முழு இரத்தத்தை மேசையில் நிறுத்தி வைத்தால் புழு அடியில் படியும். மேலாக உறிஞ்சி எடுத்துவிட்டு நெகட்டிவ் என்று எழுதிய மாதிரிகள் எத்தனையோ. அளந்து எடுப்பதற்குச் சற்று முன்பு மறுபடியும் 10 முறை கவிழ்த்துக் கலக்குங்கள். நுண்ணோக்கிக்காக 2% ஃபார்மலினில் போட்டு அடர்த்தியாக்கிய மாதிரியிலிருந்து பிசிஆர் செய்ய நினைக்க வேண்டாம். ஃபார்மலின் டிஎன்ஏவைச் சிதைத்துப் பின்னிவிடும். முதலிலேயே பிசிஆருக்கென்று தனிப் பங்கு எடுத்து வையுங்கள்.

பிளாஸ்மா தேவைப்படும்போது வேலை இன்னும் நுணுக்கம். சாதாரண ஈடிடிஏ குழாய் என்றால் 4 மணி நேரத்துக்குள் சுழற்றிவிட வேண்டும். தாமதமானால் வெள்ளணுக்கள் உடைந்து மனித டிஎன்ஏ பிளாஸ்மாவில் கொட்டும். புழுவின் சொற்பத் துண்டுகள் அதற்குள் அமுங்கிப்போகும். மாதிரி தொலைவிலிருந்து வருவதானால் செல்களை நிலைப்படுத்தும் சிறப்புக் குழாய் வாங்குங்கள். அவற்றை உறைய வைக்கக் கூடாது.

முதல் சுழற்சி 1,600 ஜி விசையில் 10 நிமிடம். பிரேக்கைக் குறைத்து வைக்கவும். நின்றதும் குழாயை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள்: மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா, கீழே சிவப்பு, நடுவே நகக்கண் அளவு மெல்லிய வெண்படலம். அந்தப் படலம்தான் வெள்ளணுக்கள். பைப்பெட் முனையைத் திரவத்தின் மேற்பரப்பைத் தொடர்ந்தபடியே இறக்கி, படலத்துக்கு மேல் அரை சென்டிமீட்டர் பிளாஸ்மாவை விட்டுவிட்டு நிறுத்துங்கள். கடைசித் துளிக்கு ஆசைப்பட்டால் படலம் கலைந்து நூலாக மேலே எழும். அப்படி ஆனால் திரும்பச் சுழற்ற வேண்டும். எடுத்த பிளாஸ்மாவை வேறு குழாயில் 16,000 ஜி விசையில் 10 நிமிடம் மறுபடியும் சுழற்றி, மேலே தெளிந்ததை மட்டும் எடுத்து, மைனஸ் 80 டிகிரியில் சிறு பங்குகளாக வையுங்கள். உறைவித்து உருக்குவது ஒரு முறைதான். பிளாஸ்மா இளஞ்சிவப்பாக இருந்தால் பதிவேட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பிற்பாடு சோதனை தடைபட்டால் காரணம் தெரியும்.

உலர்ந்த இரத்தப் பொட்டு களப்பணிக்கு வசதி. ஆறு நீட்சிகள் கொண்ட வடிதாளில் ஒவ்வொரு நீட்சியும் 10 மைக்ரோலிட்டர் பிடிக்கும்; மொத்தம் 60. மேலே போட்ட 45% கணக்கு இதற்கும் பொருந்தும் என்பதை மறக்க வேண்டாம். இரவு முழுக்க நிழலில் காயவிட்டு, ஈரம் உறிஞ்சியோடு தனித்தனிப் பையில் அடைத்து மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். துளையிடும் கருவியால் ஒரு மாதிரி முடிந்ததும் வெற்றுத் தாளில் சில துளை போட்ட பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும்.

டிஎன்ஏ பிரித்தெடுத்தல்

200 மைக்ரோலிட்டர் முழு இரத்தத்துக்கான சிலிக்கா ஸ்பின் குழாய் கிட்டுகளின் நடைமுறை ஏறக்குறைய ஒன்றுதான்: புரோட்டினேஸ் கே, சிதைக்கும் பஃபர், 56 டிகிரியில் 10 நிமிடம், எத்தனால், இரண்டு கழுவல், எலூஷன் (டிஎன்ஏவைக் கடைசியாகக் கரைத்து எடுப்பது). அந்த 10 நிமிடம் வெள்ளணுவை மனதில் வைத்து எழுதப்பட்டது. நுண்புழுவுக்குத் தோல் உண்டு. வுச்சரேரியாவுக்கும் புரூகியாவுக்கும் அதற்கு மேல் உறை வேறு. 10 நிமிடத்தில் அது கரையாது. 56 டிகிரியில் 2–3 மணி நேரமாவது, முடிந்தால் இரவு முழுக்க வையுங்கள்; நடுவில் சில முறை வோர்டெக்ஸ் செய்யுங்கள். அவசரம் என்றால் உறைவித்து உருக்குவதை மூன்று முறை செய்யலாம், அல்லது கண்ணாடி மணிகளோடு ஆட்டி உடைக்கலாம்.

1 மி.லி. முழு இரத்தத்தை அப்படியே சிறிய ஸ்பின் குழாயில் ஏற்ற முடியாது. மனித டிஎன்ஏ படலத்தை அடைத்துவிடும். ஈசினோஃபில் என்ற வெள்ளணு ஏறியிருக்கும் நோயாளியிடம் இன்னும் மோசம். இரண்டு வழி உண்டு. சிவப்பணுவை உடைக்கும் பஃபரில் கரைத்துச் சுழற்றி, அடியில் படிந்த புழுவையும் வெள்ளணுவையும் எடுத்து இரண்டு ஸ்பின் குழாய்களாகப் பிரிப்பது ஒன்று. 1 மி.லி. இரத்தத்தை 10 மி.லி. பிபிஎஸ்ஸில் (உப்புக் கரைசல்) கலந்து, 5 மைக்ரான் துளையுள்ள வடிகட்டி வழியாகச் சிரிஞ்சால் மெதுவாக அழுத்தி, பிபிஎஸ் விட்டு வெளுக்கும்வரை கழுவி, அந்தப் படலத்தையே சிதைக்கும் பஃபரில் போடுவது மற்றது. நல்லது இரண்டாவதுதான்: புழு தங்கும், ஹீமும் மனித டிஎன்ஏவும் பெரும்பாலும் போய்விடும். வேகமாக அழுத்தினால் மட்டும் வடிகட்டி கிழியும்.

கழுவல் முடிந்ததும் வெற்றுக் குழாயில் ஒரு நிமிடம் கூடுதலாகச் சுழற்றி எத்தனாலைத் துரத்துங்கள். மிச்ச எத்தனால் பிசிஆரைக் கெடுப்பது நாளும் நடப்பது. ஜெல்லில் ஏற்றும்போது டிஎன்ஏ குழிக்குள் அமராமல் மிதந்து வந்தால் காரணம் அதுதான்.

எலூஷன் அளவிலும் இரண்டு கூட்டங்களுக்கும் வேறு வேறு கணக்கு. ஒரே ஒரு நுண்புழு சிதைந்தாலும் அதன் நூற்றுக்கணக்கான செல்களிலிருந்து இலக்கின் பிரதிகள் கரைசல் முழுக்கப் பரவிவிடும். 100 மைக்ரோலிட்டரில் எலூட் செய்து 5 மைக்ரோலிட்டர் போட்டாலும் போதும். பிளாஸ்மா டிஎன்ஏ அப்படியல்ல. 4 மி.லி. பிளாஸ்மாவை 50 மைக்ரோலிட்டரில் சுருக்கினாலும், பிசிஆர் தட்டின் ஒரு குழியில் போடும் 5 மைக்ரோலிட்டர் என்பது 0.4 மி.லி. பிளாஸ்மாதான். அதனால் ஒரு மாதிரிக்கு 3–4 குழி ஓட்டுங்கள். பிளாஸ்மாவுக்கென்று செய்த கிட்டும், சொற்ப டிஎன்ஏ நழுவாமல் காக்கும் கேரியர் ஆர்என்ஏவும் கட்டாயம். கேரியர் சேர்த்த பிறகு 260/280 அளவு (டிஎன்ஏவின் தூய்மையைக் காட்டும் ஒளி விகிதம்) எதையும் சொல்லாது. அதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

பாதுகாப்புக்கு ஒரு எச்சரிக்கை: கிட்டின் சிதைக்கும் பஃபரிலும் முதல் கழுவல் பஃபரிலும் குவானிடின் உப்பு உண்டு. அந்தக் கழிவில் பிளீச் ஊற்றினால் நச்சு வாயு கிளம்பும். குவானிடின் சிந்திய இடத்தை முதலில் சோப்புத் தண்ணீரால் துடைத்த பிறகே பிளீச்.

இலக்கும் கலவையும்

மரபணுத் தொகுதியில் திரும்பத் திரும்ப வரும் துண்டுகளையே இலக்காகப் பிடிக்க வேண்டும். வுச்சரேரியாவுக்கு 188 எழுத்து (டிஎன்ஏவின் அடிப்படை அலகு) நீளமுள்ள எஸ்எஸ்பி-ஒன் துண்டு. புரூகியா மலாயிக்கு 322 எழுத்துள்ள ஹெச்ஹெச்ஏ-ஒன் துண்டு. ஏறக்குறைய 30,000 பிரதிகள். இந்த இலக்கால் புரூகியா திமோரியைத் தனியே பிரித்தறிய முடியாது. சிஸ்டோசோமா மான்சோனிக்கு எஸ்எம் 1-7 என்ற 121 எழுத்துத் துண்டு; அதன் மரபணுத் தொகுதியில் சுமார் 12% இதுவே. சிஸ்டோசோமா ஹீமட்டோபியத்துக்கு டிஆர்ஏ-ஒன் துண்டு. பிளாஸ்மாவில் மிதப்பவை சிறு துண்டுகள் என்பதால், பெருக்கும் பகுதி 100 எழுத்துக்குள் இருக்கும்படி பிரைமரைத் தேர்ந்தெடுங்கள். முழு இரத்தத்தில் நன்றாக ஓடிய 300 எழுத்துப் பிசிஆர் பிளாஸ்மாவில் ஊமையாகிவிடும்.

ஒரு குழிக்கு 20 மைக்ரோலிட்டர்: இருமடங்குச் செறிவுள்ள மாஸ்டர் மிக்ஸ் 10, 10 மைக்ரோமோலார் பிரைமர்கள் ஒவ்வொன்றும் 0.8, 10 மைக்ரோமோலார் புரோப் (இலக்கில் ஒட்டி ஒளி காட்டும் துண்டு) 0.4, தண்ணீர் 3, டிஎன்ஏ 5. உட்கட்டுப்பாட்டுக்கான (சோதனை சரியாக ஓடியதா என்று காட்டும் துணை டிஎன்ஏ) பிரைமரும் புரோப்பும் தண்ணீரின் பங்கிலிருந்து இடம் பெறும். குழிகளின் எண்ணிக்கைக்கு மேல் 10% கூடுதலாகக் கலக்குங்கள். 95 டிகிரியில் தொடக்கச் சூடு கிட் சொல்லும் நேரம். பிறகு 95 டிகிரியில் 15 நொடி, 60 டிகிரியில் 60 நொடி, 45 சுற்று.

புதிதாகத் தொடங்கும் ஆய்வகம் அளவு தெரிந்த டிஎன்ஏவைப் பத்து பத்து மடங்காக நீர்த்த வரிசையை ஓட்டி, அதன் கோட்டின் சாய்வைப் பார்க்க வேண்டும். மைனஸ் 3.32 என்றால் திறன் 100%. மைனஸ் 3.1க்கும் மைனஸ் 3.6க்கும் இடையில் இருந்தால் ஏற்கலாம்.

தடையும் கலப்படமும்

ஒவ்வொரு மாதிரியிலும், சிதைக்கும் கட்டத்திலேயே, அளவு தெரிந்த உட்கட்டுப்பாட்டு டிஎன்ஏவைச் சேர்த்துவிடுங்கள். அது வழக்கத்தைவிட 2 சுற்றுக்கு மேல் தாமதமாக எழுந்தால் தடை இருக்கிறது அல்லது பிரித்தெடுப்பில் இழப்பு. எது என்று பிரித்தறிய அதே டிஎன்ஏவை 10 மடங்கு நீர்த்து ஓட்டிப் பாருங்கள். தடை இல்லாவிட்டால் சிடி மதிப்பு (ஒளி எழும் சுற்றின் எண்) சுமார் 3.3 கூடும். கூடாமல் நின்றாலோ குறைந்தாலோ ஹீம் போன்ற ஏதோ தடுத்திருக்கிறது. குழிக்கு 20 மி.கி./மி.லி. பிஎஸ்ஏ (தடைப்பொருளைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) 0.4 மைக்ரோலிட்டர் சேர்ப்பது பல நேரம் கைகொடுக்கும்.

பிரதி அதிகமுள்ள இலக்கு, கலப்படத்தையும் அதே அளவுக்குக் கூர்மையாகக் காட்டும். பாசிட்டிவ் கட்டுப்பாடாக அடர்த்தியான பிளாஸ்மிடை வைத்திருப்பது ஆபத்து. அதை வேறு அறையில் நீர்த்து, சிடி 28–30 வாக்கில் எழும் அளவில் சிறு பங்குகளாக வையுங்கள். கலவை தயாரிப்பு, டிஎன்ஏ பிரிப்பு, பெருக்கம் மூன்றுக்கும் மூன்று இடம், மூன்று செட் பைப்பெட். போக்கு ஒரே திசையில். பெருக்கம் முடிந்த தட்டைத் திறக்கவே வேண்டாம். 60–65 டிகிரியில் ஒரே சூட்டில் ஓடும் லாம்ப் முறைக்கு இது இன்னும் கறாராகப் பொருந்தும்: அதில் உருவாகும் டிஎன்ஏவின் அளவு மிகப் பெரிது; ஒரு குழாயைத் திறந்தால் அந்த அறையே வாரக்கணக்கில் பொய்ப் பாசிட்டிவ் தரும்.

வெற்றுத் தண்ணீர் குழி மட்டும் போதாது. ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு வெற்றுக் குழாயைப் பிரித்தெடுப்பின் முதல் படியிலிருந்தே கொண்டுவாருங்கள். தண்ணீர் குழி சுத்தம், பிரித்தெடுப்பு வெற்று பாசிட்டிவ் என்றால் குற்றம் பஃபரிலோ சென்ட்ரிஃபியூஜிலோ பைப்பெட்டிலோ இருக்கிறது. அந்தத் தொகுதி முழுக்கத் திரும்பச் செய்ய வேண்டும்.

விடையைப் படிப்பது

இரண்டு குழியில் ஒன்று மட்டும் சிடி 39இல் எழுந்தால், அதே டிஎன்ஏவை மறுபடி ஓட்டுவதைவிட மிச்சம் வைத்த இரத்தத்திலிருந்து புதிதாகப் பிரித்து ஓட்டுங்கள். கலப்படம் டிஎன்ஏ குழாய்க்குள்ளேயே இருந்தால் பழையதைத் திரும்ப ஓட்டிப் பயனில்லை. பாசிட்டிவ் என்று ஏற்கும் எல்லைச் சுற்றை வேறு ஆய்வகத்திலிருந்து கடன் வாங்காதீர்கள். உங்கள் கண்டறியும் வரம்பை உங்கள் எந்திரத்தில் நிறுவுங்கள்.

கால் வீங்கி ஆண்டுக்கணக்கானவரிடம் நுண்புழுப் பிசிஆர் நெகட்டிவ் வருவது சாதாரணம். நோய் இல்லை என்று அதற்குப் பொருளில்லை. மருந்து உண்ட பிறகு நுண்புழு மறைந்தாலும் தாய்ப்புழு நிணநீர்க் குழாயில் உயிரோடு இருக்கலாம். வுச்சரேரியாவில் அதை, தாய்ப்புழு வெளிவிடும் பொருளைக் கண்டறியும் ஆன்டிஜன் பட்டைச் சோதனை காட்டும். அதற்கு இரவு இரத்தமும் வேண்டாம். ஆனால் லோவா அதிகமாக உள்ளவரிடம் அந்தப் பட்டை பொய்யாகக் கோடு காட்டுவதுண்டு; அங்கே பிசிஆர் உண்மையைச் சொல்லும். புரூகியாவுக்கு அந்த ஆன்டிஜன் பட்டையே உதவாது என்பதால் பிசிஆரின் மதிப்பு கூடுகிறது. லோவா மில்லிலிட்டருக்கு 30,000க்கு மேல் இருப்பவருக்கு ஐவர்மெக்டின் கொடுத்தால் மூளை பாதிக்கும் அபாயம் உண்டு. அதனால் அங்கே ஆம், இல்லை என்ற விடை போதாது, எண்ணிக்கை வேண்டும்.

சிஸ்டோசோமாவில் பிளாஸ்மாப் பிசிஆரின் பலம் தொடக்கத்தில். மான்சோனியின் முட்டை மலத்தில் தெரிய தொற்றிலிருந்து 5 வாரத்துக்கு மேல் ஆகும். காய்ச்சலோடு வருபவரின் சீரத்தில் அதற்கு முன்பே டிஎன்ஏ கிடைப்பதுண்டு. பலவீனம் முடிவில்: பிராசிகுவான்டல் கொடுத்துப் புழு செத்த பிறகும் திசுவில் சிக்கிய முட்டைகளிலிருந்து டிஎன்ஏ பல மாதம் கசியலாம். குணமானதைப் பார்க்க ஒரு மாதத்தில் இதைத் திரும்பச் செய்து, பாசிட்டிவ் என்பதற்காக மருந்தை மறுபடியும் எழுத வேண்டாம்.

அறிக்கையில் பாசிட்டிவ், நெகட்டிவ் என்ற ஒற்றைச் சொல்லோடு விடாமல், மாதிரியின் வகை, எடுத்த நேரம், பிரித்தெடுத்த அளவு, இலக்கு, உட்கட்டுப்பாடு எழுந்ததா என்ற ஐந்தையும் எழுதுங்கள். “இரவு 11 மணி, முழு இரத்தம் 1 மி.லி., எஸ்எஸ்பி-ஒன் இலக்கு கிடைக்கவில்லை, உட்கட்டுப்பாடு சரி” என்று இருந்தால், அந்த நெகட்டிவை எந்த அளவுக்கு நம்பலாம் என்று மருத்துவரே கணித்துக்கொள்வார்.